நெஞ்சுல நீர்னு சொன்னா பழைய வேலையையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க

வாசகர் கேள்வி - அக்கா பதில்

கேள்வி: அக்கா, எங்கப்பா சின்ன வயசுல கப்பல் ரிப்பேர் யார்டுல பாய்லர் பைப்புக்கு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு சுத்துற வேலை பாத்தவர். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் கழிச்சு மூச்சு வாங்குதுன்னு போனப்ப நெஞ்சுல நீர் இருக்குன்னு டிபி மாத்திரை குடுத்தாங்க, மாசக்கணக்கா சாப்பிட்டும் கேக்கல, கடைசில பயாப்சி பண்ணப்ப தான் மெசோதெலியோமான்னு, நுரையீரல சுத்தியிருக்கிற சவ்வுல வர்ற கேன்சர்னு வந்துச்சு. அப்பா இப்ப இல்ல. செப்டம்பர் 26 இந்த நோய்க்கான விழிப்புணர்வு நாள்னு படிச்சேன். ரிப்பன் குத்திக்கிட்டு ஸ்டேட்டஸ் போடுறத தவிர நான் என்ன பண்ணலாம்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஸ்டேட்டஸ் போடுங்க, தப்பே இல்ல, நாலு பேரு "இது என்ன நோய்"னு கேப்பாங்க. ஆனா உங்களால மட்டும் பண்ண முடிஞ்ச ஒரு வேலை இருக்கு. உங்கப்பா கூட அந்த யார்டுல வேலை பாத்தவங்க இன்னும் ஊர்ல இருப்பாங்கல்ல, அவங்கள தேடிப் போய் பாருங்க. இந்த நோய் கல்நார் தூசிய சுவாசிச்ச உடனே வர்றதில்ல, 20 வருஷத்துல இருந்து 50 வருஷம் வரைக்கும் கூட கழிச்சு வரும், அதனால அன்னைக்கு இருபது வயசுப் பையனா தூசில நின்னவங்களுக்கு இப்ப தான் வர்ற காலம். அவங்ககிட்ட பயமுறுத்தாம ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க: மூச்சு வாங்குது, நெஞ்சு ஒரு பக்கமா வலிக்குது, நீர் கோத்திருக்குன்னு டாக்டர்கிட்ட போனா, "நான் இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும் கல்நார் வேலை பாத்தவன்"னு முதல் நாளே சொல்லணும், அத ஓ.பி. சீட்டுல எழுதச் சொல்லணும்.

நம்ம ஊர்ல நெஞ்சுல நீர்னா டாக்டருக்கு முதல்ல டிபி தான் ஞாபகம் வரும், அதுல அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அவ்வளவு டிபி இங்க இருக்கு. ஆனா அந்த ஒரு வரி சீட்டுல இருந்தா சந்தேகம் முன்னாடியே வரும், நீரை எடுத்து டெஸ்ட் பண்றதோட நிறுத்தாம நுரையீரல சுத்தியிருக்கிற சவ்வுல இருந்து சதை எடுத்து பயாப்சி பாப்பாங்க. முழுசா குணமாக்குறது கஷ்டமான நோய் தான், அத மறைச்சு பேச நான் விரும்பல. ஆனா கீமோ இருக்கு, சமீப வருஷங்கள்ல உடம்போட எதிர்ப்பு சக்தியவே கேன்சர் மேல திருப்பி விடுற இம்யூனோதெரபியும் வந்திருக்கு, நீர் திரும்பத் திரும்ப சேராம பண்ற வழியும் இருக்கு, இதெல்லாம் உடம்புல தெம்பு இருக்கும்போதே ஆரம்பிச்சா தான் பிரயோஜனம்.

இன்னொன்னு, அந்த வீட்டுப் பெண்களையும் விட்டுடாதீங்க. தூசி படிஞ்ச சட்டைய உதறித் துவைச்ச மனைவிக்கும் இந்த நோய் வந்திருக்கு, உலகம் முழுக்க பதிவாகியிருக்கிற விஷயம் இது. 1960-ல தென்னாப்பிரிக்காவுல வாக்னர்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் 33 நோயாளிகள வச்சு தான் இந்த கேன்சருக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்ப எழுதினாங்க, அதுல பலர் சுரங்கத்துல வேலையே பாக்காதவங்க, சின்ன வயசுல சுரங்கம் பக்கத்துல குடியிருந்தவங்க. ஆக உங்கம்மாவுக்கு இருமல் மூச்சிறைப்புன்னு ஏதாவது இருந்தா அப்பா பாத்த வேலைய அம்மாவோட டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

கேள்வி: எங்க வீடே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீடு தான். கான்கிரீட் போட வசதி இருந்தா நாங்க ஏன் இதுல இருக்கப் போறோம். கல்நார் ஆபத்துன்னு எழுதி எழுதி ஏழை ஜனங்கள பயமுறுத்துறது நியாயமா?
- வாசகர், கோவை

பதில்: நியாயமான கோபம் தம்பி. உடையாம, உரசாம மேல கிடக்கிற ஷீட்டுக்கு அடியில தூங்குறதும், அதே ஷீட்ட கட்டிங் மெஷின் வச்சு அறுக்குறதும் ஒண்ணு கிடையாது. சிமெண்டோட இறுகிக் கிடக்கிற நார் அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் தான் கண்ணுக்குத் தெரியாத தூசியா கிளம்புது. இன்ன அளவுக்குக் கீழ போனா பயமே இல்லன்னு ஒரு அளவு கிடையாது, வெள்ளைக் கல்நாரும் சேத்து எல்லா வகையும் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லிடுச்சு. அதனால என் கவலை முதல்ல ஷீட் மாட்ட வர்ற அந்தப் பையன் மேல தான், வாயில கர்ச்சீப் கூட கட்டாம கூரை மேல நின்னு அறுக்குறான் பாருங்க, அவன் தான் இந்த விழிப்புணர்வு போய்ச் சேர வேண்டிய ஆளு. (கர்ச்சீப் கட்டினாலும் பத்தாது, அந்த நார் அவ்வளவு மெல்லிசு.)

நீங்க பண்ண வேண்டியது: மெஷின் போட விடாதீங்க, வேலைக்கு முன்னாடி ஷீட்ட நல்லா நனைக்கச் சொல்லுங்க, விழுந்த தூள விளக்குமாறு போட்டுக் கூட்டாம ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியோட கட்டிப் போடச் சொல்லுங்க, குழந்தைங்கள அன்னைக்கு பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க. உடைஞ்ச துண்டுகள நொறுக்கி பள்ளத்துக்கு நிரப்புறது, கோழிக்கூண்டுக்கு மறைப்பு வைக்கிறது வேண்டாம். அடுத்த தடவை கூரை மாத்துற காசு கையில வரும்போது கல்நார் இல்லாத ஷீட் இருக்கான்னு கடையில கேளுங்க. பத்து பேரு கேட்டா கடைக்காரர் வாங்கி வைப்பார். நம்ம நாட்டுல சுரங்கத்த நிறுத்தியாச்சு, ஆனா ரஷ்யா மாதிரி நாடுகள்ல இருந்து கப்பல் கப்பலா இறக்குமதி பண்ணி ஷீட்டு போட்டுக்கிட்டு தான் இருக்கோம். அதுக்கு ஏழைங்க பொறுப்பு இல்ல, அங்க உங்க கோபம் ரொம்ப சரி.

கேள்வி: என் கணவர் பீடி சிகரெட் தொட்டதே இல்ல. அவருக்கு எப்படி இது வந்துச்சு?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மெசோதெலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லம்மா. அவர் எந்தத் தப்பும் பண்ணல, சொந்தக்காரங்க யாராவது ஜாடையா பேசினா இதையே சொல்லுங்க. புகை சேந்தா பல மடங்கு கூடுறது கல்நாரால வர்ற நுரையீரல் கேன்சர், அது வேற.

கேள்வி: பெர்த்ல இருக்கோம். நவம்பர் கடைசில இங்க ஆஸ்பெஸ்டாஸ் விழிப்புணர்வு வாரம் வருது. நம்ம தமிழ்ச் சங்கம் சார்பா என்ன செய்யலாம்?
- வாசகர், ஆஸ்திரேலியா

பதில்: உங்க மாநிலத்துலயே விட்டனூம்னு ஒரு ஊர் இருந்துச்சு. அங்க 1966-ல மூடின நீலக் கல்நார் சுரங்கம், அந்தக் கழிவ ரோட்டுலயும் ஸ்கூல் மைதானத்துலயும் கொட்டி அதுல குழந்தைங்க விளையாடியிருக்காங்க, அந்தக் குழந்தைங்களுக்கு பெரியவங்களான பிறகு நோய் வந்துச்சு. இப்ப அந்த ஊரே மேப்புல இல்ல. ஆஸ்திரேலியா 2003 கடைசியோட முழுத் தடை போட்டுச்சு, பெர்னி பேண்டன்னு ஒரு தொழிலாளி மூக்குல ஆக்ஸிஜன் குழாயோடயே நியாயம் கேட்டுப் போராடி 2007-ல மெசோதெலியோமாவுல இறந்தார். ஆனா பழைய வீடுகள்ல இன்னும் அது இருக்கு. நம்ம ஆளுங்க பழைய வீடு வாங்கி லீவு நாள்ல தானே சுவர் இடிச்சு பாத்ரூம் மாத்துறது வழக்கமாச்சே, சங்கத்துல அதப் பத்தி தமிழ்லயே ஒரு கூட்டம் போடுங்க: 1990-க்கு முன்னாடி கட்டின வீடுன்னா டெஸ்ட் பண்ணாம சுத்தியல் எடுக்காதீங்கன்னு. விருந்து வச்சு காசு சேத்தா பாதிக்கப்பட்ட குடும்பங்களோட வேலை பாக்குற அமைப்புக்கும் ஆராய்ச்சிக்கும் குடுங்க, ரசீது வாங்கி உறுப்பினர்களுக்குக் காட்டுங்க.

கேள்வி: நாங்க தேயிலைத் தோட்டத்துல லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இருக்கிறோம், கூரை எல்லாம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட். தடை பண்ணப் போறதா சொன்னாங்களே, என்ன ஆச்சு?
- வாசகி, ஹட்டன், இலங்கை

பதில்: 2018 ஜனவரில இருந்து கல்நார் இறக்குமதிக்குத் தடைன்னு உங்க அரசாங்கம் சொன்னது உண்மை. 2017 டிசம்பர்ல, கல்நார் விக்கிற அதே ரஷ்யா, தேயிலையில வண்டு இருந்துச்சுன்னு சொல்லி இலங்கைத் தேயிலைய நிறுத்தி வச்சுச்சு, உடனே இலங்கையில கல்நார் தடைய தள்ளி வச்சாங்க, ரஷ்யாவும் தேயிலைய திரும்ப எடுத்துக்கிச்சு. நீங்க கொழுந்து பறிச்ச தேயிலைய வச்சே உங்க தலைக்கு மேல இருக்கிற கூரைக்குப் பேரம் நடந்திருக்கு, எனக்கு இத எழுதவே மனசு கொதிக்குது. புது வீட்டுத் திட்டம்னு யார் வந்தாலும் கூரை எதுல போடுறீங்கன்னு முதல்லயே கேளுங்க, தலைவர்மார்கிட்ட சொல்லி எழுத்துல வாங்குங்க. காத்துல சீட் உடைஞ்சா நனைச்சிட்டு எடுங்க, புள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

கேள்வி: எங்க மாமா வேலை பாத்த ஷீட் கம்பெனி மூடி பல வருஷம் ஆச்சு. இப்ப இந்த நோய். நஷ்ட ஈடு கேக்க ஒரு ரெக்கார்டும் இல்ல.
- வாசகர், அரக்கோணம்

பதில்: இருக்கும், தேடுவோம். 1995 ஜனவரில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, கல்நார் தொழிலாளியோட மருத்துவப் பதிவ வேலைக்குச் சேந்ததுல இருந்து 40 வருஷம், இல்ல வேலைய விட்டு 15 வருஷம், இதுல எது பிந்தி வருதோ அதுவரைக்கும் கம்பெனி வச்சிருக்கணும்னு. கல்நாரால வர்ற மெசோதெலியோமா தொழில் நோய்ப் பட்டியல்லயும் இருக்கு. பி.எஃப். கணக்கு, இ.எஸ்.ஐ. கார்டு, பழைய சம்பளச் சீட்டு, ஆயுத பூஜை அன்னைக்கு கம்பெனி கேட் முன்னாடி எல்லாரும் நின்னு எடுத்த போட்டோ, எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க. கூட வேலை பாத்த ரெண்டு பேருகிட்ட எழுத்துல வாங்குங்க. மாமா நல்லா பேசக்கூடிய நிலைமையில இருக்கும்போதே எந்த செக்‌ஷன், எந்த வருஷம், மூட்டைய எப்படிப் பிரிச்சுக் கொட்டினாங்கன்னு அவர் வாயாலயே சொல்ல வச்சு வீடியோ எடுங்க, தேதி சொல்லச் சொல்லுங்க. பயாப்சி ரிப்போர்ட் ஒரிஜினல யாருக்கும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மாவட்ட கோர்ட்ல இருக்கிற சட்ட உதவி மையத்துக்குப் போங்க, தகுதி இருந்தா அங்க வக்கீலுக்குக் காசு கிடையாது.