பார்க்குக்கு யாருங்க தண்ணி ஊத்தறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல உங்க தெரு பார்க்க நீங்களே சரி பண்றீங்களா, என்ன சிரமம்னு எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். நம்ம கொங்குப் பக்கத்துல இருந்துதான் கடிதாசி அதிகம் வந்திருக்குது. பல பேரு ஒரே விசயத்தத்தான் கேட்டிருக்காங்க, அதனால ஒட்டுக்கா சேத்து சிலதுக்கு இங்க பதில் சொல்றேனுங்க.

அண்ணா, எங்க லேஅவுட்டுல பொது உபயோகத்துக்குன்னு விட்ட ரிசர்வ் சைட்டு அரை ஏக்கரு சும்மா கெடக்குது, பூராம் பார்த்தீனியமும் பாட்டிலுமா இருக்குது. பத்துப் பதினஞ்சு பேரு சேந்து பார்க்கு ஆக்கலாம்னு இருக்கறோம். வாட்ஸ்அப் குரூப்புல ஜிபே நம்பர போட்டு வசூல ஆரம்பிச்சுரலாமுங்களா?
– ஒரு வாசகர், கணபதி, கோயமுத்தூர்

வசூல இப்பத்திக்கு நிறுத்தி வைங்க தம்பி. மொதல்ல அந்த எடம் யாரு பேர்ல இருக்குதுன்னு பாக்கோணும். இப்ப இருக்கற விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மீதியில 10 சதவீதத்த பொது எடமா விட்டு உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கோணும். ஆனா பழைய லேஅவுட்டுகள்ல வரைபடத்துல பச்சையா பார்க்குன்னு போட்டிருக்கும், பத்திரம் மட்டும் எழுதியே இருக்க மாட்டாங்க, நீங்க கஷ்டப்பட்டு மரம் வெச்சு வேலி போட்ட பொறவு ஒருத்தரு பட்டாவோட வந்து நிப்பாரு. அதனால தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி லேஅவுட் வரைபடத்தோட நகலையும் தானப்பத்திரத்தோட நகலையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. பத்திரம் இல்லைன்னு பதில் வந்தா அதுவும் நல்லதுதான், அத வெச்சே மாநகராட்சிக்கு மனு குடுத்து எடத்த எடுக்கச் சொல்லலாம்.

எடம் மாநகராட்சிதுன்னா, பராமரிக்க அனுமதி கேட்டு எழுத்துல குடுங்க. உங்க வார்டு மக்கள் கூடிப் பேசற ஏரியா சபையிலயும் எந்திரிச்சு பேசி பதிவு பண்ண வைங்க. 2022ல இருந்து நடக்குது, போறவங்கதான் கொறைவு. ஒரு பேப்பரும் இல்லாம கெடப்பாரைய தூக்கிட்டு எறங்கிராதீங்க.

களை எடுக்கறதுக்கு யாரு அனுமதியும் வேண்டாம்னு நெனைக்கறேன், அத வர ஞாயித்துக்கெழமையே ஆரம்பிங்க. பார்த்தீனியத்த மழை பேஞ்ச மறுநாளு, பூ எடுக்கறதுக்கு முன்னாடி வேரோட புடுங்கோணும். கையில உறை போட்டுட்டுத்தான். சில பேருக்கு தொட்டாலே தோலு தடிச்சுப் போகும், மூச்சு இழுப்பு இருக்கறவங்கள அந்தப் பக்கமே விடாதீங்க.

இனி பணத்துக்கு வாரேன். கேட்டு, வளைவு, ஊஞ்சல், பேரு போட்ட சிமெண்ட் பெஞ்சு இதுக்கெல்லாம் பணம் தானா வருமுங்க, குடுக்கறவங்களுக்கு அது கண்ணுக்குத் தெரியுது. தோட்டக்காரம்மாவுக்கு மாசச் சம்பளம், மோட்டாருக்கு கரண்ட் பில்லு, கிழிஞ்ச ஹோஸ் பைப்புக்கு மாத்து பைப்பு, இதுக்கு யாரும் செக் எழுத மாட்டாங்க. நம்மூர்ல பாழாப் போன பார்க்குகள போயிப் பாருங்க, கட்டறதுக்குக் காசு இல்லாமப் போனது கொறைவு, கட்டுன பொறவு தண்ணி ஊத்த ஆளில்லாமப் போனதுதான் அதிகம். அதனால வசூல் நோட்டீஸ்ல மொதல் வரியே மாசச் செலவா இருக்கட்டும். ஒரு வருசத்துச் சம்பளமும் கரண்டும் கையில சேந்த பொறவு கேட்டு போடலாம்.

ஜிபே நம்பரு தனி ஆளுது வேண்டவே வேண்டாம். ஏழு பேரு சேந்தாப் போதும், 1975ம் வருசத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்துல மாவட்டப் பதிவாளர்கிட்ட சங்கம் பதியலாம். சங்கம் பேர்ல பான், சங்கம் பேர்ல பேங்க் கணக்கு, ரெண்டு பேரு கையெழுத்து, அப்பறம் அதே கணக்குக்கு கியூஆர் கோடு. வருசா வருசம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளருக்குக் குடுத்தரோணும், அத விட்டுட்டா பின்னாடி பெரிய அலைச்சலுங்க.

பெரிய வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்குது. 1997ல வந்தது, நடுவுல நின்னு 2021ல மறுபடி ஆரம்பிச்சாங்க. மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்க மக்கள் கட்டுனா மீதிய அரசு போடும். 9 லட்சத்துக்கு சுத்துச்சுவரும் நடைபாதையும்னா உங்க பங்கு 3 லட்சம். நல்ல திட்டம், ஆனா அதுவும் கட்டறதுக்குத்தான், தண்ணி ஊத்தறது உங்க பாடுதான்.

எங்க காலனி பார்க்குக்கு ரெண்டு வருசமா வசூல் பண்றாங்க. கணக்கு கேட்டா “எங்க மேல நம்பிக்கை இல்லையா”ன்னு கோவிச்சுக்கறாங்க. இந்த வருசம் நாங்க லேடீஸ் எல்லாம் சேந்து பொறுப்பு எடுத்துக்கலாம்னு இருக்கறோம். எப்படி வசூல் பண்ணுனா சண்டை வராதுங்கண்ணா?
– ஒரு வாசகி, ஈரோடு

எடுத்துக்கோங்க அம்மணி, நல்ல முடிவு. கணக்கு கேக்கறது தப்பே இல்ல, கேக்கற நெலமைக்கு விடறதுதான் தப்பு. கோயமுத்தூர்ல ஒரு பார்க்குல பாத்தேன், தண்ணிக் கொழா பக்கத்துல ஒரு கரும்பலகை. அந்த மாசம் வந்தது, தோட்டக்காரம்மா சம்பளம், கரண்டு, சீமாறு ரெண்டு, கையிருப்பு எல்லாம் சாக்பீஸ்ல எழுதியிருக்குது. பாட்டில்ல தண்ணி புடிக்க வர்ற பசங்க கூட நின்னு படிச்சுட்டுப் போறாங்க. சீமாறுக்கு என்ன வெலைன்னு ஊருக்கே தெரிஞ்ச எடத்துல சந்தேகம் எங்கீங்க வரும்?

வசூலுக்கு நெறைய வழி இருக்குது. ஊட்டுக்கு ஊடு பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் மாசம் ஒருக்கா சேத்தி பழைய இரும்புக் கடைக்குப் போடுங்க, காசு குடுக்க யோசிக்கறவங்க கூட பேப்பர எடுத்து வெச்சிருவாங்க. தை நோம்பி சமயத்துல பார்க்குலயே ஒரு நாள் பொழுதோட சாப்பாட்டுக் கடை போடுங்க, சந்தகை தேங்காப்பாலு, அரிசிம்பருப்பு சோறு, ஒப்புட்டு, கச்சாயம். ஆளுக்கு ஒரு பலகாரம்னு பிரிச்சுக்கிட்டா சாமான் செலவு ஊட்டோட போயிரும், வர்றது பூராம் பார்க்குக்கு. வள்ளி கும்மி இப்ப ஊருக்கு ஊரு புள்ளைங்க கத்துக்கறாங்க, அரங்கேற்றத்த உங்க பார்க்குல வெக்கச் சொல்லிக் கேளுங்க, ஒரம்பரைங்க எல்லாம் வருவாங்க, உண்டியலு நெறையும்.

எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இன்னொண்ணு. பொறந்த நாளு, கல்யாண நாளு, ஊட்டுப் பெரியவங்க நெனைவு நாளு வந்தா பெஞ்சுக்கு பேரு கேக்காம ‘இந்த மாசச் சம்பளம் இன்னாரு குடும்பம்’னு பலகையில எழுதறது. பன்னண்டு குடும்பம் புடிச்சுட்டீங்கன்னா வருசம் ஓடிரும்.

வருமான வரி விலக்கு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிருங்க. சங்கம் பதிஞ்சா மட்டும் பத்தாது, நன்கொடை விலக்குக்கான பதிவு (1961ம் வருசத்து வருமான வரிச் சட்டத்துல 80ஜி) தனியா வாங்கியிருக்கோணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா விலக்கு கெடையாது, புது வரி முறையில இருக்கறவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கெடையாது. இல்லாதத இருக்குதுன்னு சொல்லி ஒரு ரூபா கூட வாங்காதீங்க.

பார்க்கு மூலையில சின்னதா ஒரு புள்ளையார் கோயிலு கட்டுனா மக்கள் பயபக்தியோட சுத்தமா வெச்சுக்குவாங்கன்னு பெரியவங்க சொல்றாங்க, சரிங்களா?
– ஒரு வாசகர், கரூர்

வேண்டாமுங்க. பார்க்குன்னு விட்ட எடத்துல கோயிலோ சங்கக் கட்டடமோ கட்டக் கூடாதுன்னு ஹைகோர்ட் பல தடவ சொல்லியிருக்குது. பெங்களூர்ல பார்க்குக்கு ஒதுக்குன எடத்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் குடுத்ததையே சுப்ரீம் கோர்ட் 1991ல ரத்து பண்ணுச்சு. ஆஸ்பத்திரிக்கே அப்படின்னா பாத்துக்கோங்க. பெரியவங்ககிட்ட எதுத்துப் பேசாம, ஒரு அரச மரமோ வேப்ப மரமோ அவங்க கையால நடச் சொல்லுங்க, தெனமும் வந்து பாத்துக்குவாங்க.

திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனி ஆளுங்க எல்லாம் சேந்து பக்கத்து பார்க்குல மரம் வெக்கறோம். சீக்கிரம் வளருதுன்னு ஒருத்தரு கோனோகார்பஸ் கன்னு நெறைய இலவசமா தர்றேங்கறாரு. வாங்கலாமுங்களா?
– ஒரு வாசகர், அவிநாசி ரோடு, திருப்பூர்

வாங்காதீங்க. தமிழ்நாடு அரசு 2025ல கோனோகார்பஸ் நடறதுக்குத் தடையே போட்டிருச்சு. நம்ம மண்ணு மரமே போதும், புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம், நாவல், எடம் பெருசா இருந்தா இலுப்பை. கரண்டு கம்பிக்கு அடியில மந்தாரை, நந்தியாவட்டைன்னு சின்னதா வைங்க, இல்லைன்னா வருசா வருசம் ஈபி ஆளுங்க வந்து தலைய வெட்டிட்டுப் போவாங்க. வேலிக்கு கம்பி வாங்க காசில்லைன்னு கவலப்படாதீங்க, காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல, அதான் மேய்ச்சல் நெலத்துல, இருக்கற மாதிரி கிளுவைக் குச்சி வெட்டி வரிசையா நட்டா ரெண்டு மூணு வருசத்துல ஆடு நொழையாது.

எப்ப நடறதுங்கறதும் முக்கியம். ஆடியில நட்டா பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து வேரு புடிக்க விடாது, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, அதனால புரட்டாசி கடைசியில நடுங்க. கன்ன குச்சியில கட்டறதுக்கு பிளாஸ்டிக் கவுறு வேண்டாம், பட்டைய அறுத்துரும். உங்க கம்பெனியிலயே பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கெடக்குமே, அதுல விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து, குச்சிக்கும் கன்னுக்கும் நடுவுல எட்டு மாதிரி ஒரு முறுக்கு குடுத்துக் கட்டுங்க. காத்தடிச்சா துணி இழுபடும், கன்னு ஆடும், ஆனா ஒடியாது. ஆடற கன்னுதான் தண்டு தடிக்கும்.

உங்க ஊர்லயே 2015ல ஆரம்பிச்ச ‘வனத்துக்குள் திருப்பூர்’ லட்சக்கணக்குல மரம் வெச்சிருக்குது, போயி அவங்க வளத்த தோப்பு ஒண்ணப் பாத்துட்டு வாங்க. கோயமுத்தூர்ல குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017ல இருந்து ஞாயித்துக்கெழம தவறாம குளத்துல எறங்கறாங்க. கூட்டம் எத்தன பேருங்கறத விட, அடுத்த வாரமும் வந்தாங்களாங்கறதத்தான் நான் பாப்பேன். அம்பது பேரு ஒரு நாளு வர்றதுக்கு அஞ்சு பேரு வருசம் பூராம் வர்றது மேலுங்க.

அமெரிக்காவுல இருக்கற எங்கூருப் பசங்க பார்க்குக்குப் பணம் அனுப்பறேங்கறாங்க. வாங்கிக்கலாமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பாஸ்போர்ட் என்னன்னு கேளுங்க. இந்தியக் குடிமகனா இருந்து சொந்த சேமிப்புல பேங்க் வழியா அனுப்புனா பிரச்சனை இல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், எப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இல்லாத சங்கம் தொடவே கூடாது. நம்ம புள்ளதானேன்னு வாங்கி மாட்டிக்காதீங்க. ஊருக்கு வரும்போது ஒரு நாளு மம்பட்டியோட பார்க்குக்கு வரச் சொல்லுங்க.

நாங்க சுத்தம் பண்ணுன பார்க்குல பசங்க கிரிக்கெட் ஆடி செடிய மிதிக்கறாங்க, வாக்கிங் வர்ற பெரியவங்க தொரத்தி உடறாங்க. ரெண்டு பக்கமும் என்கிட்டதான் வர்றாங்க.
– ஒரு டீச்சர், கோபிச்செட்டிபாளையம்

பசங்கள தொரத்துனா பார்க்குக்கு இருவது வருசம் கழிச்சு ஆளே இருக்காது டீச்சர். காலையில எட்டு மணி வரைக்கும் நடக்கறவங்களுக்கு, பள்ளிக்கூடம் விட்டு பொழுது எறங்கற வரைக்கும் பசங்களுக்குன்னு நேரம் பிரிச்சு பலகை வைங்க. ஆடற எடத்த சுத்தி செடிய வெக்காம மரமா வைங்க. அப்பறம் ஆளுக்கு ஒரு மரம்னு அந்தப் பசங்க பேர்லயே குடுத்துப் பாருங்க, ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு கொடம் தண்ணிங்கறது விதி. அவங்க மரத்துல பந்து பட்டா அவங்களே சண்டைக்குப் போவாங்க.

தேங்கா மட்டையும் நார்க்கழிவும் எங்க பக்கம் சும்மாவே கெடைக்குது. பார்க்குச் செடிக்குப் போடலாமுங்களா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

தாராளமா போடுங்க, கோடையில தண்ணிச் செலவு நல்லாவே கொறையும். நார்க்கழிவ மட்டும் பச்சையா போடாதீங்க, மக்க வெச்சுப் போடோணும், காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வெக்கற முறைய கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கேட்டா சொல்லித் தருவாங்க. தேங்கா மட்டைய கன்னுல இருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக் குழி வெட்டி, குழிஞ்ச பக்கம் மேல பாக்கற மாதிரி அடுக்கி மண்ணு மூடுங்க. கவுத்து வெச்சுட்டா தண்ணி நிக்காது.