தரம் புதிதாக வந்தால் நெடுவரிசையும் வர வேண்டும்: பிவட் கேள்வி பதில்

கம்பம், போடி, குமுளி, கட்டப்பனை பக்கம் ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவர்கள் பிவட் (கீழ்நோக்கி வரும் விவரத்தைக் குறுக்கே நெடுவரிசைகளாகத் திருப்புவது) பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் டேட்டாபேஸ் மென்பொருள்கள்; அவற்றிடம் விவரம் கேட்கும் கட்டளைதான் குவெரி.

கேள்வி (கம்பம், மைஎஸ்க்யூஎல்): அண்ணே, டேபிளில் தோட்டம், தரம், கிலோ என மூன்று விவரம். தோட்டம் கீழ்நோக்கியும் தரம் குறுக்காகவும் வர கேஸ் வென் (தரம் இதுவானால் இந்த மதிப்பு என்ற நிபந்தனை) போட்டு எழுதினேன். 'வெடித்த காய்' என்று புதுத் தரம் சேர்ந்தது, அறிக்கையில் வரவில்லை. குவெரி தானாகச் சேர்த்துக்கொள்ளாதா?

சேர்த்துக்கொள்ளாது தம்பி. ஒரு வரிசையைக்கூடப் படிக்கும் முன்பே, விடையில் எத்தனை நெடுவரிசை, அவற்றின் பெயர் என்ன என்று டேட்டாபேஸ் முடிவு செய்தாக வேண்டும். என்னென்ன தரம் இருக்கிறது என்பதோ படித்த பிறகுதான் தெரியும். அதனால் இரண்டு நடை நடக்க வேண்டும். முதல் நடையில் செலக்ட் டிஸ்டிங்க்ட் கொடுத்து ஒவ்வொரு தரத்தையும் ஒரே ஒரு முறை வரும்படி எடுங்கள். ஒவ்வொரு தரத்துக்கும் 'சம், கேஸ் வென் தரம் இது தென் கிலோ எல்ஸ் 0 எண்ட்' என்ற துண்டை உண்டாக்கி, குரூப்_கான்கேட் கொண்டு கமா போட்டு ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) கோர்த்துவிடுங்கள். அந்தச் சரத்தின் முன்னால் செலக்ட் தோட்டம், பின்னால் குரூப் பை தோட்டம். இரண்டாம் நடையில் பிரிப்பேர், எக்ஸிக்யூட் கொடுத்து அந்தச் சரத்தையே குவெரியாக ஓட்டுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பிவட் என்ற கட்டளையே கிடையாது, இதுதான் வழி.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தரம் விடுபட்டபோது எரர் எதுவும் வரவில்லை, பார்த்தீர்களா? ஒரு தோட்டத்தில் 8 மி.மீ. காய் 140 கிலோ, 7 மி.மீ. 95, வெடித்த காய் 30 என்றால் மொத்தம் 265. உங்கள் அறிக்கை 235 காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கும். கடைசியில் நிபந்தனை எதுவும் இல்லாமல் சம் கிலோ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்கள். குறுக்கே கூட்டியது அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையில் இது இல்லாமல் ஒரு மாதம் முழுக்கத் தப்புக் கணக்கு போனது. அதிலிருந்து இந்த நெடுவரிசை இல்லாமல் நான் எழுதுவதே இல்லை.

கேள்வி (குமுளி, மைஎஸ்க்யூஎல்): நன்றாக ஓடிய குவெரிதான் அண்ணா. குறுக்காக வரும் கடைப் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாற்றியதும் சிண்டாக்ஸ் எரர் வருகிறது.

குரூப்_கான்கேட் தரும் சரத்துக்கு மைஎஸ்க்யூஎல்லில் இயல்பான வரம்பு 1024 பைட். எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'தேயிலை' என்ற ஒரு சொல்லே 18 பைட். வரம்பு தாண்டியதும் சரம் பாதியில் வெட்டுப்படும், ஒரு வார்னிங் மட்டும் வரும். வெட்டுப்பட்ட குவெரியை ஓட்டினால் சிண்டாக்ஸ் எரர்தான். முதல் நடைக்கு முன்பே செட் செஷன் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் என்று 10 லட்சம் வைத்துவிடுங்கள்.

கேள்வி (போடி, போஸ்ட்கிரெஸ்): நெடுவரிசைத் தலைப்பில் 'போடிநாயக்கனூர் கிடங்க' என்று வருகிறது சார். கடைசி உகரம் எங்கே போனது?

அதுவும் பைட் சங்கதிதான். போஸ்ட்கிரெஸ்ஸில் நெடுவரிசைப் பெயர் 63 பைட்டுக்கு மேல் போகாது. 'போடிநாயக்கனூர்' 42, இடைவெளி 1, 'கிடங்கு' 21, ஆக 64. ஒரே ஒரு பைட் கூடியதற்கு உகரம் போய்விட்டது. முதல் 21 குறியீடு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் வந்தால் இரண்டு நெடுவரிசைக்கும் ஒரே தலைப்பு வந்துவிடும். நெடுவரிசைக்குச் சிறு குறியீடு வைத்து, முழுப் பெயரைத் திரையில் காட்டுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் பிவட் செய்ய உதவும் கிராஸ்டேப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். ஒரே குவெரி மட்டும் கொடுக்கும் வடிவம் இடமிருந்து வலமாக வந்ததை வந்தபடி நிரப்பும். ஒரு தோட்டத்தில் 8 மி.மீ. இல்லையென்றால் 7 மி.மீ. எடை அந்த இடத்தில் போய் உட்காரும். தரப் பட்டியலை இரண்டாவது குவெரியாகக் கொடுக்கும் வடிவத்தையே எடுங்கள். அதிலும் நெடுவரிசைகளை ஆஸ் பகுதியில் நீங்களேதான் எழுத வேண்டும்.

கேள்வி (கட்டப்பனை): எஸ்க்யூஎல் சர்வரில் பிவட் இருக்கிறதே அண்ணா, அங்கே இந்தத் தொல்லை இல்லையா?

2005 பதிப்பிலிருந்து இருக்கிறது தங்கச்சி. ஆனால் 'இன்' என்ற சொல்லுக்குப் பின் வரும் அடைப்புக்குள் பெயர்களைக் கையால் எழுத வேண்டும், சப்குவெரி (உள்ளே இன்னொரு குவெரி) ஏற்காது. அங்கும் சரம் கோர்த்து எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். கோர்க்க 2017 முதல் ஸ்ட்ரிங்_ஆக் உண்டு. ஒவ்வொரு பெயரையும் குவோட்நேம் (பெயரை அடைப்புக்குறிக்குள் பாதுகாப்பாக வைப்பது) வழியாக விடுங்கள். தரம் பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம், நீங்களோ அதைக் கட்டளையாக ஓட்டுகிறீர்கள். ஒரு மேற்கோள் குறி போதும் குவெரி உடைய, கெட்ட எண்ணம் உள்ளவருக்கு அதே வழியில் டேபிளை அழிக்கவும் முடியும். போஸ்ட்கிரெஸ்ஸில் பெயருக்குக் குவோட்_ஐடென்ட், மதிப்புக்குக் குவோட்_லிட்டரல்.

கேள்வி (கம்பம்): தம்பி, மாதவாரி அறிக்கைக்கும் இப்படியா?

வேண்டாம் அய்யா. மாதம் 12தான், கையால் எழுதிவிடுங்கள்.

கேள்வி (போடி): நாள்வாரியாக, ஐந்து வருஷத்துக்கு?

1,800க்கு மேல் நெடுவரிசை வரும். போஸ்ட்கிரெஸ் ஒரு விடையில் 1,664 வரைதான் தரும். தரும் இடத்தில்கூட அதை யார் படிப்பார்? தோட்டம், நாள், கிலோ என்று நீளவாக்கிலேயே எடுத்து எக்ஸெல் பிவட்டிடம் கொடுங்கள். செயலிக்குத்தான் வேண்டும் என்றால் ஜேசன்_ஆப்ஜெக்ட்_ஆக் போட்டுத் தோட்டத்துக்கு ஒரு ஜேசன் (பெயரும் மதிப்பும் ஜோடியாக வரும் எழுத்து வடிவம்) வாங்குங்கள். நெடுவரிசை இரண்டே இரண்டு, புது நாள் வந்தாலும் குவெரி மாறாது.