68 வயதில் எச்.ஐ.வி: அப்பாவின் நீரிழிவு வைத்தியருக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, நீண்டகாலமாக நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். ஒரே வருடத்தில் இரண்டு முறை நியூமோனியா வந்து, நன்றாக மெலிந்துவிட்டார். கடைசியில் எச்.ஐ.வி எனத் தெரிந்தது. சிடி4 (நோயெதிர்ப்புக் கலங்கள்) எண்ணிக்கை 140. இந்த வயதில் மருந்து பலன் தருமா? நீரிழிவு வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டுமா? – ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: மருந்து பலன் தரும். ஆனால் ஆயுளை வருடக்கணக்கில் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. வயதைவிட அவருக்குப் பாதகமாக இருப்பது தாமதம். ஆரோக்கியமானவர்களிடம் சிடி4 பெரும்பாலும் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எயிட்ஸ் கட்டம் என்கிறோம். அந்த நிலைக்கு இறங்கப் பொதுவாகப் பல வருடங்கள் எடுக்கும் என்பதால், தொற்று அண்மையில் ஏற்பட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மெலிவையும் களைப்பையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டு, முதியவரிடம் பாலியல் வாழ்வைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் எங்கள் வழக்கமே (வைத்தியர்களும் இதற்கு விலக்கல்ல) இந்நோயைப் பிந்திக் கண்டுபிடிக்கக் காரணமாகிறது.

மிகுந்த கவனம் வேண்டியது முதல் வருடத்தில்தான். சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் குருதியிலுள்ள வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவது முதியவர்களிலும் வழக்கமே; ஆனால் வயதானவர்களுக்கு சிடி4 மெதுவாகத்தான் ஏறும். அதுவரை காசநோய் உள்ளதா என்று பார்ப்பதும், நியூமோனியாவைத் தடுக்கக் கோட்ரிமொக்சசோல் மாத்திரையைத் தவறாமல் எடுப்பதும் முக்கியம். இந்தக் காலத்தைக் கடந்து மருந்தை விடாமல் எடுப்பவர்கள் பல வருடங்கள் வாழ்கிறார்கள். பிறகு அவர்களைப் பெரும்பாலும் அச்சுறுத்துவது இருதயமும் சிறுநீரகமும்தான்.

ஆகவே நீரிழிவு வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் எச்.ஐ.வி மருந்தான டொலுடெக்ராவிர், மெட்ஃபோர்மினின் அளவைக் குருதியில் உயர்த்திவிடும். இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு மெட்ஃபோர்மின் பொதுவாக நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்காக நீங்களாகவே குறைத்துவிட வேண்டாம். உடன் கொடுக்கப்படும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், நீரிழிவுள்ளவருக்குச் சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யவேண்டும். நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் அன்டாசிட்டை எடுப்பதானால், டொலுடெக்ராவிரை அதற்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ எடுக்கவேண்டும். இல்லையெனில் மருந்து உடலில் சரியாகச் சேராது. அயலவருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மருந்து எழுதுபவர் அறியாமல் இருப்பதுதான் ஆபத்து.

அம்மாவையும் பரிசோதிக்க வேண்டும்; இதை அப்பாவே அவரிடம் சொல்வது நல்லது, தயங்கினால் சிகிச்சை நிலைய ஆலோசகர் உதவுவார். கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விவரங்கள் இரகசியமாகப் பேணப்படும். அப்பாவுக்குத் தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கிவிடாதீர்கள். சேர்ந்து உண்பதால் இது தொற்றாது.