அந்தமானில் முங்க ஆறு நாள் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு கடலில் முங்குவது)

பாளையங்கோட்டை வாசகி: நானும் தம்பியும் அந்தமான் போய் ஸ்கூபா கற்றுக்கொள்ள நினைக்கிறோம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் லீவு. ஆளுக்கு ஐம்பதாயிரத்துக்குள் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழோடு ஊர் திரும்ப முடியுமா?

நாள் போதும், பணம்தான் கொஞ்சம் இடிக்கும். கணக்கைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் கேபினில் அழுத்தம் குறைந்து, சோடா உடைத்ததும் நுரைத்து வருவதுபோல உடம்புக்குள் குமிழி கட்டிவிடும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் விளங்காமல் போவது வரை கொண்டுவிடக்கூடியது இது. பல நாள் முங்கியவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். 24 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

லீவுக்கு முந்தைய சனி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரேயே விமான நிலையம். ரயில் தாமதமாகலாம் என்பதால் ஞாயிறு காலை பத்தரைக்கு முன்பு கிளம்பும் விமானத்தை எடுக்காதீர்கள். அதிகாலை விமானம்தான் மலிவாகக் கிடைக்கிறது என்றால் சனி காலை வந்தே பாரத்தில் போய் தாம்பரத்தில் தங்கிவிடுங்கள். ஞாயிறு இரவு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). திங்கள் முதல் படகில் ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு. அன்று பிற்பகலும் செவ்வாய் காலையும் ஆழமில்லாத நீரில் பயிற்சி. செவ்வாய் மதியமும் புதனும் நாலு கடல் டைவ்கள். வியாழன் காலையைக் கையிருப்பாக வையுங்கள். காற்றடித்து ஒரு நாள் வீணானால் அதில் முடித்துக்கொள்ளலாம். பகல் 11 மணிக்குள் நீரைவிட்டு ஏறினால் வெள்ளி காலை 9 மணி விமானத்துக்கு 22 மணி நேரம் இருக்கும். வியாழன் பிற்பகலே படகேறிப் போர்ட் பிளேருக்கு வந்துவிட வேண்டும். படகையும் விமானத்தையும் ஒரே நாளில் கோத்துவைத்து, படகு ரத்தானதால் டிக்கெட்டை இழந்தவர்கள் பலர். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் சனி காலை வீடு.

செலவு, ஏறத்தாழ: பயிற்சி 30,000 ரூபாய், இரண்டு மாதம் முன்பே எடுத்தால் சென்னை விமானம் போக வர 13,000, தனியார் படகு 3,500, அறையை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 5,000, சாப்பாடும் ரயிலும் 4,000. கூட்டினால் 55,500 வருகிறது. அரசுப் படகும் எளிய விடுதியும் எடுத்தால் ஐம்பதை ஒட்டிக் கொண்டுவரலாம். பாடப்பகுதியை வீட்டிலேயே இணையத்தில் படித்து முடித்துவிட்டுப் போங்கள், தீவில் ஒரு நாள் வாடகை மிச்சம். குறைக்கவே கூடாதது பயிற்சிக் கட்டணம். ஐயாயிரம் குறைவாகச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பயிற்சியாளருக்கு மாணவர் எண்ணிக்கை கூடியிருக்கும். நாலு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். படகில் அவசர ஆக்ஸிஜன் உண்டா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

பணம் இடித்தே தீரும் என்றால் சான்றிதழை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்து, பயிற்சியாளர் கூடவே வரும் 12 மீட்டர் வரையிலான அறிமுக டைவ் மட்டும் செய்யலாம். ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடம். படகில் போகும் டைவைவிடச் செலவு குறைவு.

சங்கரன்கோவில் வாசகர்: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. கடைசிப் பையனுக்கு ஒன்பது வயது. கூட்டிப்போகலாமா?

மே நடுவிலேயே அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் போங்கள். கடல் டைவுக்குக் குறைந்த வயது 10. கடைசிப் பையனை, நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாயில் மூச்சுவிடும் ஸ்நார்க்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே சூரியன் ஐந்து மணி வாக்கில் உதித்து ஐந்தரை மணி வாக்கில் அடைந்துவிடும், அதனால் டைவ் படகுகள் காலையிலேயே கிளம்பிவிடும்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: தாமிரபரணியில் சிறு வயது முதலே நீச்சல். மூச்சடக்கி ஒரு நிமிஷத்துக்கு மேல் முங்குவேன். ஸ்கூபாவுக்கு இது போதுமல்லவா?

ஆத்து நீச்சல் உங்களைத் தேர்வில் எளிதாகத் தேற்றிவிடும். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிஷம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மூச்சடக்கும் பழக்கம்தான் ஸ்கூபாவில் ஆபத்து. நன்றாக முங்குகிறவர்களுக்கே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆற்றில் நீங்கள் மேலே இழுத்த மூச்சோடு முங்குகிறீர்கள். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே விரியும், நுரையீரலுக்குக் கேடில்லை. ஸ்கூபாவில் நீங்கள் ஆழத்திலேயே நெஞ்சு நிறையக் காற்று இழுக்கிறீர்கள். 10 மீட்டரில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே ஐந்து லிட்டர் இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது பத்து லிட்டராக விரியப் பார்க்கும். அதற்கு நெஞ்சில் இடம் ஏது? நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலந்துவிடும். பத்து மீட்டர்கூட வேண்டாம், நெஞ்சு நிறைந்த மூச்சோடு ஒன்றரை மீட்டர் சட்டென்று எழும்பினாலே போதும். ஆகவே மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவி) நழுவிப்போனாலும் ‘ஆ’ என்று சன்னமாகக் குமிழி விட்டுக்கொண்டே அதைத் தேடுங்கள். ஏறும் வேகம் நிமிஷத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று ஏறுங்கள்.

இன்னொன்று: கடல் நீர் ஆற்று நீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கனம். கருவிகளோடு நூறு கிலோ இருப்பவருக்கு ஆற்றில் தேவைப்படுவதைவிட அமிழ இரண்டரைக் கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். இடுப்பில் ஈயம் கட்டும்போது ‘எனக்கு நன்றாக முங்க வரும், இது வேண்டாம்’ என்று கழற்றாதீர்கள்.

உவரி வாசகர்: ஒரு சிலிண்டர் ஆக்ஸிஜன் எவ்வளவு நேரம் வரும்?

அது ஆக்ஸிஜன் அல்ல, வடிகட்டி அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்று. சுத்தமான ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும். 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) நிரப்புவார்கள். 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால் பயன்படுத்த 150 பார், அதாவது 1,650 லிட்டர். நிதானமாக மூச்சுவிடுகிறவர் மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் செலவிடுவார். 10 மீட்டரில் அது 40. ஆக, 41 நிமிஷம். முதல் தடவை இறங்குகிறவர் பதற்றத்தில் 30 லிட்டர் இழுப்பார், அவருக்கு 27 நிமிஷத்தில் முடிந்துவிடும். கைகளை வீசி நீந்துவதை நிறுத்தினாலே செலவு குறையும்; துடுப்பு மாட்டிய கால்களுக்கு மட்டும்தான் வேலை. இறங்குமுன் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்துப் பாருங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

தென்காசி வாசகி: சாரல் காலம் வந்தாலே எனக்குச் சைனஸ். போன தடவை மூன்று மீட்டரிலேயே காது உயிர்போகிற வலி. என்ன தவறு செய்தேன்?

வலி வந்த பிறகு ஊதியிருப்பீர்கள். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதுவதைத் தண்ணீருக்கு மேலேயே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறை செய்ய வேண்டும். தாமதித்தால் காதுக்குப் போகும் குழாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. பலமாக ஊதினால் உட்காதே பழுதாகலாம். ஒரு மீட்டர் மேலே ஏறி, காது திறந்த பிறகு மறுபடி இறங்குங்கள். தலைகீழாக இறங்காமல் கால் கீழே இருக்கக் கயிற்றைப் பிடித்து இறங்குவது எளிது. சளி இருக்கும் நாளில் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் தப்பு. அடியில் இருக்கும்போது மருந்தின் வேலை தீர்ந்துவிட்டால் ஏறும்போது காற்று வெளியேற வழியின்றி அடைபடும். சைனஸ் தொல்லை இருப்பதால் ஊரிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிப் போங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். தீவில் படிவம் நிரப்பும்போது இதை மறைப்பவர்கள் தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: என்னென்ன வாங்கிக்கொண்டு போகணும்?

மாஸ்க் மட்டும். மற்றதெல்லாம் வாடகைக்குள் வந்துவிடும். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள்; கை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. அடர்ந்த மீசை இருந்தால் மூக்கை ஒட்டி ஒரு கோடு அளவுக்குக் கத்தரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாக நீர் கசிந்துகொண்டே இருக்கும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பற்பசையால் உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடியது மூடியபடியே இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவரை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பல இடங்களில் அதற்கேற்ற மாஸ்க் தருவார்கள்.

வள்ளியூர் வாசகர்: எங்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். மாலத்தீவு மலிவாக முடியுமா?

பயணம் நிச்சயம் சுருங்கும். மாலேவுக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். இந்தியர்களுக்கு விசாக் கட்டணமில்லை. புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் பயணப் படிவம் நிரப்ப வேண்டும். ரிசார்ட் தீவுகளை மறந்துவிட்டு மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம் பாருங்கள். டைவ் கட்டணம் டாலரில், அதன்மேல் வரி. கற்றுக்கொள்ள அந்தமானே மலிவு. நீரோட்டம் வலுவான இடங்கள் அதிகம் என்பதால், சான்றிதழ் பெற்று இருபது டைவாவது முடித்தவர்களுக்கே மாலத்தீவைச் சொல்வோம். வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது. மதுவும் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோக அனுமதியில்லை, ஆகவே பையிலுள்ள சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்குநேரி வாசகி: கோவளத்தில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்று மாலையே பொன்முடி போகலாமா?

வேண்டாம். பொன்முடி 1,000 மீட்டருக்கு மேல். விமானத்துக்குச் சொன்ன அதே காரணம் மலைக்கும் பொருந்தும். பொன்முடியை முதல் நாள் பார்த்துவிட்டு டைவை மறுநாளுக்கு வையுங்கள். ஆரல்வாய்மொழி வழியாக ஊர் திரும்பும் சாலை தாழ்வானது, அன்றே வரலாம்.