இதய நோய்க்கு மருந்து செலுத்தப் புதுப்புதுக் கருவிகள் வந்துவிட்டனவாமே, இனி தினமும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லையா?

வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை, கேத் லேபில், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறையில், டெக்னீஷியன். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழல்) வைத்து முடித்து மேஜையை விட்டு இறக்கும்போதே "இனிமேல் மாத்திரை வேண்டாம்தானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நிலைமை நேர்மாறானது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகுதான் மாத்திரை விஷயத்தில் கண்டிப்பே கூடியது.

வெறும் உலோக ஸ்டென்ட் மட்டும் இருந்த காலத்தில், வைத்த இடத்திலேயே குழாய்ச் சுவரின் திசு வளர்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். நூற்றில் 20 முதல் 30 பேருக்கு இப்படி ஆனது. வாய்வழி மருந்துகள் பலவற்றைக் கொடுத்துப் பார்த்தும் பெரிதாகப் பலன் இல்லை. அப்புறம்தான் மருந்தை ஸ்டென்டிலேயே பூசினார்கள். அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்டில் இருந்தது சிரோலிமஸ். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து அது. ஏற்கெனவே சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். மருந்து பழசு, போய்ச் சேரும் இடம்தான் புதுசு. பூச்சிலிருந்து சில வாரங்களுக்கு மெல்லக் கசிந்து அந்தச் சுவருக்குள் மட்டும் இறங்கும், உடம்பு முழுவதும் பரவுவது மிகச் சொற்பம்.

ஆனால் திசு வளர்ச்சியைத் தடுக்கிற அதே மருந்து, குழாயின் உள்தோல் கம்பிமேல் படர்ந்து மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத கம்பியில் ரத்தம் உறைந்தால் மாரடைப்புதான். அதனால்தான் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் மாதிரி இன்னொன்றையும் சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிடச் சொல்கிறார்கள். இப்போதைய ஸ்டென்ட்களில் கம்பி மெலிந்திருக்கிறது, பூச்சும் மேம்பட்டிருக்கிறது, சிலருக்கு அந்தக் காலத்தைக் குறைக்கவும் செய்கிறார்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்கப் போகிறேன் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உள்ளே எதையுமே விட்டுவராத முறையும் உண்டு: மருந்து பூசிய பலூன். பழைய ஸ்டென்டுக்குள் மறுபடி அடைப்பு வந்தவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது. கையாளத்தான் கொஞ்சம் பதற்றமான சமாச்சாரம். பூச்சில் விரல் படக்கூடாது, முன்கூட்டியே சலைனில் நனைக்கக்கூடாது. ரத்தத்துக்குள் போன நொடியிலிருந்து மருந்து கரைந்துகொண்டே இருக்கும், ஆகவே தாமதிக்காமல் அடைப்புக்குக் கொண்டுபோய் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஊதிப்பிடித்துச் சுருக்கி வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் இறங்கியது எவ்வளவோ அவ்வளவுதான் சிகிச்சை.

புதிது என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு: தானே கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்று 2016-ல் அமெரிக்காவில் பெரிய எதிர்பார்ப்போடு அனுமதி பெற்றது. சாதாரண மருந்து ஸ்டென்டைவிட அதில் அதிகமாக ரத்தம் உறைவது ஆய்வுகளில் தெரிந்து, 2017-லேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டென்டுக்கு வெளியே எனக்கு மிகவும் பிடித்தது வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் ஃப்யூரோசெமைடு கருவி. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து அது. இதயச் செயலிழப்பில் உடம்பில் நீர் கோக்கும்போது குடல் சுவரும் வீங்கும், அப்போது விழுங்கிய நீர் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. கால் வீங்கிக்கொண்டே போகும், மாத்திரையைக் கூட்டினாலும் சிறுநீர் பிரியாது, கடைசியில் ஊசிக்காக அட்மிட் ஆக வேண்டும். வழக்கமான ஊசி மருந்து காரத்தன்மை கொண்டது, தோலுக்கடியில் போட்டால் எரியும். அதை நடுநிலையாக்கி, சின்னப் பம்பில் நிரப்பி, வயிற்றுத் தோலில் ஒட்டிவிடுகிறார்கள். முதல் மணியில் 30 மில்லிகிராம், அடுத்த நான்கு மணியில் 50, ஆக ஐந்து மணி நேரத்தில் 80. வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. திடீரென்று மூச்சு முட்டுகிற அவசர நிலைக்கு இது கிடையாது. நீர் வடிந்ததும் திரும்ப மாத்திரைதான்.

கொலஸ்ட்ராலுக்கு இன்க்ளிசிரான் ஊசி இருக்கிறது. முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கல்லீரல் செல்கள் மட்டும் பிடித்து உள்ளிழுக்கிற ஒரு சர்க்கரை மூலக்கூறை மருந்தோடு கோத்திருக்கிறார்கள். உள்ளே போனது மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிறது, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாகிறது. மறதிக்காரர்களுக்கு வரம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாத்திரையைப் போல மறுநாளே நிறுத்திவிட முடியாது, அதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வழக்கமான கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினுக்குப் பதிலாக அல்ல, ஸ்டாட்டினோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

திடீரென்று படபடவென அடித்துக்கொள்ளும் பிஎஸ்விடி நோய்க்கு அடினோசின் ஊசியைப் பெரிய ரத்தக்குழாயில் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனையும் தள்ள வேண்டும். சில நொடிகளில் சிதைந்துவிடும் மருந்து அது. எட்ரிபாமில் என்ற மூக்கு ஸ்ப்ரேயை நோயாளிகளே வீட்டில் அடித்துக்கொண்ட ஆய்வில், அரை மணிக்குள் 64 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. போலி ஸ்ப்ரே அடித்தவர்களில் 31 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள்ளேயே அடங்கினால் பெரிய விஷயம்தானே.

நெஞ்சுவலி வராமலிருக்கத் தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டை பழசு, ஆனாலும் பலர் தவறாகப் பயன்படுத்துவதால் சொல்கிறேன். 24 மணி நேரமும் ஒட்டியே வைத்திருந்தால் உடம்பு பழகிப்போய் மருந்து வேலை செய்யாது. தினமும் 10 முதல் 12 மணி நேரம் கழற்றி வைக்க வேண்டும், பொதுவாக இரவில். வீட்டில் இருப்பவர்களுக்கும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். அவசரத்தில் மார்பில் ஷாக் கொடுக்க நேர்ந்தால் முதலில் அதைப் பிய்த்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தோல் சுட்டுவிடலாம்.

நுண்ணூசி ஒட்டு, இதயத்தின்மேல் தடவும் ஜெல் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், ஆய்வு எலியிலா, பன்றியிலா, மனிதரிலா என்று ஒரு வரி தேடிப் பாருங்கள். அதுவரை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே இருங்கள்.