ஸ்டென்ட் வைத்த பிறகும் ஏன் இரண்டு மாத்திரை?

கல்லடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு உலோக வலைக்குழாய்) வைத்தாயிற்று, அடைப்பும் போய்விட்டது, பிறகு ஏன் அஸ்பிரினும் குளோபிடோகிரலும்?

தம்பி, வாவியில் புதிதாக ஊன்றிய கம்பைப் பாருங்கள். முதலில் வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதன் மேல்தான் சிப்பி ஒட்டும். இரத்தத்துக்குள் போன உலோகத்துக்கும் இதே கதைதான், ஆனால் அந்தப் படலம் நொடிகளில் படிந்துவிடும். அது புரதப் படலம். இரத்தப் புரதங்களில் அல்புமின் சிறியது, நிறைய இருப்பது, அதனால் முந்திக்கொள்ளும். அப்புறம் இரத்தம் உறைய உதவும் பைப்ரினோஜன் என்ற புரதம் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்காரும். வில்லங்கமே அதுதான். உலோகத்தில் ஒட்டும்போது அதன் வடிவம் மாறி, உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரியும். குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்டுகள்) அங்கே பிடித்துக்கொள்ள, இரத்தம் கட்டியாக உறையத் தொடங்கும்.

சரி, சொந்தக் குழாயில் ஏன் அப்படி உறைவதில்லை? அதன் உட்சுவர்க் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு போன்றவற்றைச் சுரந்து சிறுதட்டுகளை ஒட்டவிடாது. அந்தக் கலங்கள் வளர்ந்து ஸ்டென்டை மூடும்வரை, சிறுதட்டுகளைக் கட்டியாகச் சேரவிடாமல் தடுக்க இந்த இரண்டு மாத்திரைதான் காவல். மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால், திரும்ப அடைக்காமல் இருக்கப் பூசிய மருந்தே கல வளர்ச்சியை மெதுவாக்கும், மூட மாதக்கணக்காகும். தயவுசெய்து, பல்லுப் பிடுங்கப் போனாலும் இதய வைத்தியரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த விடாதீர்கள்.