அடுத்த காம்பிராப் பையனின் வலிப்பு மாத்திரையை மகளுக்குக் கொடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் 8 வயது மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே சில வினாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்கிறாள். இதுவும் வலிப்புதான் என்று கிளினிக்கில் சோடியம் வல்புரோயேட் தருகிறார்கள். அடுத்த காம்பிராப் பையனுக்கு ஒரு கை இழுக்கத் தொடங்கி உடம்பு முழுவதும் வலிப்பு வரும். கார்பமசெபின் குடித்து இப்போது நன்றாக இருக்கிறான். மண் சரிந்து பாதை அடைபட்டு எங்கள் மருந்து முடிந்தால், அவனுடையதை இரண்டு மூன்று நாளைக்குக் கொடுக்கலாமா?”

கொடுக்கவே வேண்டாம், அம்மா. அந்த மாத்திரை உங்கள் மகளின் வலிப்பைக் கூட்டிவிடக்கூடும்.

மூளையின் நரம்புக் கலங்களின் சுவரில் சோடியம், பொட்டாசியம், கல்சியம் முதலிய அயன்கள் போய்வரும் நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. அவை திறந்து மூடுவதால்தான் கலத்தில் மின் துடிப்பு பிறக்கிறது. சோடியம் கால்வாய் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி திறந்திருந்து தானாகவே செயலற்ற நிலைக்குப் போய், சற்றுப் பொறுத்தே மறுபடி திறக்கத் தயாராகும். கார்பமசெபின் அந்தச் செயலற்ற நிலையில் கால்வாயைப் பிடித்து வைப்பதால், வலிப்பில் வெறிகொண்டு துடிக்கும் கலங்களே அதிகம் அடங்குகின்றன, சாதாரணமாக வேலைசெய்யும் கலங்கள் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கிப் பரவும் அந்தப் பையனின் வலிப்புக்கு அது பொருத்தமான மருந்து.

உங்கள் மகளுக்கு வருவதோ மூளையின் நடுவிலுள்ள தலமசு என்ற பகுதிக்கும் மூளையின் மேலடுக்கான புறணிக்கும் இடையிலான நரம்புச் சுற்றில் எழும் வலிப்பு. மூளையின் மின்னலைகளைக் காட்டும் ஈஈஜி பதிவில் வினாடிக்கு ஏறத்தாழ 3 அலைகளாகத் தெரியும் அந்தத் தாளத்தில், ‘டீ’ வகைக் கல்சியம் கால்வாய்களுக்குப் பெரும் பங்குண்டு. பிள்ளையைச் சில நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொன்னால் வைத்தியரின் கண்முன்னேயே அது வருவதும் இவ்வகையின் அடையாளம். இவ்வகை வலிப்புக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான எதோசக்சிமைட் அந்தக் கால்வாய்களையே அடைக்கிறது; வல்புரோயேட்டோ ஒரே வழியில் மட்டுமல்லாமல் பல வழிகளில் வேலைசெய்கிறது. கார்பமசெபின் இந்தத் தாளத்தை அடக்குவதில்லை என்பதோடு, வெறித்து நிற்பதை அடிக்கடி வரச் செய்வதும் நன்கு அறியப்பட்டதே. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோயான டிராவே நோயிலும் இப்படித்தான்: 2001இல் அதற்குக் காரணமென அறியப்பட்ட மரபணுப் பிழை, துடிப்பை அடக்கும் கலங்களின் சோடியம் கால்வாயையே பலவீனப்படுத்துவதால், கார்பமசெபின் அங்கும் தீங்காகிறது.

மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். ஆகவே மழைக்காலம் தொடங்குமுன்பே கிளினிக்கில் பாதை நிலைமையைச் சொல்லி, கூடுதலாக ஒரு வாரத்து மாத்திரை கேட்டு வாங்கி வையுங்கள். அப்படியும் முடிந்துபோனால், போக முடிந்த எந்த அரச வைத்தியசாலைக்கும் கிளினிக் கொப்பியுடன் போய் அதே மருந்தைக் கேளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். எந்த வலிப்பும் 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆகவேண்டும். கருவுற்றிருக்கும்போது வல்புரோயேட் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனமும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மகள் பெரியபிள்ளையாகும் முன்பே, மருந்தை மாற்ற வேண்டுமா என்று வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். அவர் சொல்லும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.